தேறாத பிள்ளையும் தேற்றாத பெரியோரும்

பள்ளியில் பயிலும் பிள்ளை ஒன்று பாடங்களில் பின்தங்கித் தேர்வில் தவறினால் அதற்குப் பொறுப்பாளர் யார்? இவ்வினா ஆண்டுதோறும் வேனிற்காலத்தில் நம்மிடையே எழுந்து, பள்ளி திறந்ததும் அடங்கிவிடுகிறது. ஆசிரியரைக் கேட்டால், வீட்டில் கவனிப்பாரில்லை என்பார். பெற்றோரைக் கேட்டால், பள்ளியில் சொல்லிக் கொடுப்பாரில்லை என்பர். அதிகாரிகளைக் கேட்டால், கட்டடமும் புத்தகமும் மதிய உணவும் கொடுத்தாயிற்று, இனி நாங்கள் செய்வதற்கு என்ன இருக்கிறது என்பர். இம்மூவரும் ஒருவரையொருவர் மறுத்துரைத்த போதிலும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். பிள்ளை மண்டு, அதன் தலையில் ஒன்றும் ஏறவில்லை என்பதே அவ்விடம். வழக்காடுவோர் அனைவரும் உடன்பட்டுவிட்டால் நீதிபதிக்கு வேலையில்லை. ஆனால் இவ்வழக்கில் வாக்குமூலம் கொடாதவர் ஒருவர் உளர். அவர் அப்பிள்ளையே.

பொறுப்பு என்னும் சொல்லை இக்காலத்தில் நாம் பெரும்பாலும் குற்றம் என்னும் பொருளிலேயே வழங்குகிறோம். யார் பொறுப்பு என்று கேட்பவர், யாரைத் தண்டிப்பது என்றே கேட்கிறார். அச்சொல்லின் அடியோ பொறுத்தல். அஃதாவது, சுமையைத் தாங்குதல். முதற்பொருளில் கேட்டால், ஒருவர்மேல் குற்றம் சுமத்தியவுடன் மற்றவர் யாவரும் விடுதலை பெறுகின்றனர். இரண்டாம் பொருளில் கேட்டால், தாங்கக்கூடிய வலிமை யாருக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு அவர் தோளில் சுமை வந்து அமர்கிறது. நாம் இரண்டாம் பொருளிலேயே இவ்வினாவைக் கேட்க விரும்புகிறோம். அவ்வாறு கேட்கும்போது, எட்டு வயதுப் பிள்ளையின் தோள் எவ்வளவு தாங்கும் என்பது எவருக்கும் விளங்கும்.

நம்முள் சிலர் இவ்வளவு ஆராய்ச்சிக்கும் இடங்கொடாமல், முற்பிறப்பின் வினைப்பயன் என்று கூறிப் பேச்சை முடித்துவிடுகின்றனர். பௌத்தத்தைத் தழுவிய நம்மவர் வீடுகளிலும் இப்பேச்சு கேட்கப்படுகிறது. தலைவிதி என்ற சொல்லை எடுத்துவிட்டு அவ்விடத்தில் வினை என்ற சொல்லை வைத்துக்கொண்டதனால் கருத்து மாறிவிடாது. மாந்தர் நுகரும் இன்ப துன்பங்கள் யாவும் முன்செய்த வினையினால் வருவனவே என்று சிலர் கூறுவது தகுமா என்று மோலிய சீவகன் என்னும் துறவி பகவன் புத்தரை வினவியதாகச் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. பகவன் அக்கொள்கைக்கு உடன்படவில்லை. பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவமாற்றம், ஒவ்வாத பேணுதல், பிறர் தாக்குதல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எண்ணிய பின்னரே வினைப்பயனை எட்டாவதாக வைத்தார். நோயும் வலியும் பற்றி எழுந்த பேச்சாயினும் அதன் முறை நமக்குப் பயன்படும். கண்முன் உள்ள ஏழு காரணங்களையும் ஆராயாமல் எட்டாவதற்குத் தாவுவோர் வினைக் கொள்கையை உணர்ந்தவராகார். தமக்குள்ள வேலையைத் தட்டிக்கழித்தவரே ஆவர்.

நிற்க. மந்தமான மாணவரைப் பற்றிய கதை ஒன்று நம் சமய நூல்களிலேயே உண்டு. தம்மபத உரையில் வரும் சூளபந்தகர் கதையை அன்பர்கள் பலர் விகாரைகளில் கேட்டிருப்பர். கேட்டவர்கள் பெரும்பாலும் அதன் முடிவிலுள்ள அற்புதத்தை நினைவில் வைத்துக்கொண்டு, தொடக்கத்தை மறந்துவிடுகின்றனர். சூளபந்தகருக்கு அவருடைய தமையனாராகிய மகாபந்தகரே ஆசிரியர். அவர் கற்பித்த ஒரே ஒரு பாடலை நான்கு திங்கள் முயன்றும் இளையவரால் மனப்பாடம் செய்ய இயலவில்லை. அடுத்த அடியைக் கற்றால் முந்தைய அடி மறந்துபோயிற்று. தமையனார், நீ இந்நெறிக்குத் தகுதியற்றவன் என்று கூறி அவரை வெளியேறச் சொன்னார். சீவகர் அளிக்கும் விருந்துக்குச் செல்லும் பிக்குகளைக் கணக்கிட்டபோது தம்பியை விட்டுவிட்டே கணக்குக் கொடுத்தார். மகாபந்தகர் தீயவரல்லர், அருகநிலை எய்திய பெரியார் அவர். அத்தகையவரும், தம் கற்பிக்கும் முறை ஒருவருக்குப் பொருந்தாதபோது, குறை மாணவரிடமே உள்ளதென்று முடிவுகட்டினார்.

பகவன் செய்தது வேறு. வாயிலில் அழுதுகொண்டு நின்றவரை அழைத்து வந்து, தூய வெண்டுணி ஒன்றைக் கையிற் கொடுத்து, கிழக்கு நோக்கி அமர்ந்து, அழுக்கு நீங்குக என்னும் பொருளுள்ள சிறு சொல்லைச் சொல்லிக்கொண்டே அதனைத் தடவச் சொன்னார். கை பட்டுத் துணி அழுக்கடைந்தது. தூயது மாசடைவதைத் தம் கண்ணாற் கண்ட சூளபந்தகர், நான்கு திங்களில் எட்டாததை அன்றே உணர்ந்தார். மாணவர் அவரே, காலையில் இருந்த மூளையே மாலையிலும் இருந்தது. மாறியது பாடம் ஒன்றுதான்.

அவர் மந்தமாக இருந்ததற்கு முற்பிறப்புக் காரணமும் அவ்வுரையில் சொல்லப்பட்டிருக்கிறதே என்பார் உளர். உண்மையே. அக்காரணம் என்னவென்று நோக்குவோமாக. காசியப புத்தர் காலத்தில் அவர் கூரிய அறிவுடைய பிக்குவாக இருந்து, பாடம் வராத மற்றொரு பிக்குவை எள்ளி நகையாடினாராம். மந்த மாணவரை இகழ்ந்ததே அவ்வினை! வகுப்பில் பிள்ளையை மண்டு என்று அழைப்பவர்களும், வீட்டில் உறவினர் முன்னிலையில் மதிப்பெண்ணைச் சொல்லிச் சிரிப்பவர்களும் இவ்வுரையைத் தமக்குத் துணையாகக் கொள்ளுமுன் சற்று எண்ணிப் பார்ப்பது நலம்.

இது பழங்கதை, இக்காலத்துப் பள்ளிக்கு ஆகுமா என்று கேட்கலாம். மும்பையிலும் வடோதராவிலும் 2001ஆம் ஆண்டு முதல் 2003 வரை நடைபெற்ற ஒரு முயற்சியைக் கூறுவோம். பிரதம் என்னும் தொண்டு நிறுவனம், மாநகராட்சிப் பள்ளிகளில் மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளைப் பதினைந்து இருபது பேராகப் பிரித்து, நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே கற்பிக்க ஏற்பாடு செய்தது. கற்பித்தவர்கள் அப்பகுதியிலேயே வாழ்ந்த இளம்பெண்கள்; பள்ளி இறுதி வரை படித்தவர்கள். அவர்களுக்குப் பாலசகி என்று பெயர். அவர்கள் வகுப்புப் பாடத்தைக் கற்பிக்கவில்லை. பிள்ளை எவ்விடத்தில் நின்றுவிட்டதோ அவ்விடத்திலிருந்து, எழுத்துக் கூட்டுதலையும் கூட்டல் கழித்தலையும் கற்பித்தனர். பொருளாதார அறிஞர்கள் அதனை முறையாக அளந்து 2007இல் முடிவை வெளியிட்டனர். பாலசகி வந்த பள்ளிகளில் தேர்வு மதிப்பெண்கள் தெளிவாக உயர்ந்தன. மிகவும் பின்தங்கிய பிள்ளைகளே மிகுந்த பயனடைந்தனர். பெற்றோர் மாறவில்லை, வீடும் மாறவில்லை, வறுமை நீங்கவில்லை. அப்படியிருக்க, பெற்றோர் படிக்காதவர், ஆதலால் பிள்ளைக்குப் படிப்பு வராது என்று கூறி வந்தவர்கள் இதற்கு என்ன விடை கூறுவர்?

இந்திய நாட்டின் சிற்றூர்களில் பிள்ளைகளின் படிக்கும் திறனை அளக்கும் அசர் அறிக்கையை அதே நிறுவனத்தார் 2005 முதல் வெளியிட்டு வருகின்றனர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கவல்லோர் 2018இல் ஏறத்தாழப் பாதிப் பேர். பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் நூற்றுக்கு 43 பேர். 2024இல் 49 பேர். பத்துப் பேரில் ஒருவர் தவறினால் அவர்மேல் குறை காணலாம். பத்துப் பேரில் ஐவர் தவறும்போதும் ஐவருமே மண்டுகள் என்று சொல்லிக்கொண்டிருப்பது, நெல் பாதி முளைக்காதபோது விதையை வைதுகொண்டிருக்கும் உழவனின் செயலாகும்.

இனி, ஆசிரியர்களைப் பற்றிப் பேசும்போது நடுநிலை பிறழாதிருத்தல் வேண்டும். 2003இல் இருபது மாநிலங்களில் ஏறத்தாழ 3,700 அரசுப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்தபோது, நான்கு ஆசிரியர்களில் ஒருவர் பள்ளியில் இல்லை. பாதிப் பேரே பாடம் நடத்திக்கொண்டிருந்தனர். இது வெட்கத்திற்குரியதே. ஆயினும் பள்ளிக்கு நாள்தவறாது வரும் ஆசிரியரின் நிலையையும் நோக்குதல் வேண்டும். 2010 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பாடத்திட்டம் முழுவதையும் குறித்த காலத்தில் முடிப்பது ஆசிரியர் கடமை என்கிறது. அதே பிரிவு, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் கண்டறிந்து வேண்டுவோர்க்குக் கூடுதலாகக் கற்பிப்பதும் அவர் கடமை என்கிறது. இரண்டும் நல்ல கடமைகளே. ஆனால் பாடம் முடிந்ததா என்று கேட்க மேலதிகாரி வருகிறார். பிள்ளைக்குப் புரிந்ததா என்று கேட்க எவரும் வருவதில்லை. கேட்கப்படும் கடமை நிறைவேறுகிறது, கேட்கப்படாதது நின்றுபோகிறது. இஃது ஆசிரியரின் ஒழுக்கக்கேடு மட்டுமன்று; அவரைக் கணக்குக் கேட்போர் எதைக் கேட்கின்றனர் என்பதையும் பொறுத்தது.

அச்சட்டம் எட்டாம் வகுப்பு முடியும் வரை எப்பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தலாகாது என்று முதலில் விதித்தது. 2019இல் அவ்விதி திருத்தப்பட்டது. 2024 திசம்பரில், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் மறுதேர்விலும் தவறிய பிள்ளைகளை நிறுத்திவைக்கலாம் என்று நடுவணரசு தன் பள்ளிகளுக்கு விதி வகுத்தது. தமிழ்நாட்டரசு அதனைத் தன் பள்ளிகளில் ஏற்கமாட்டோம் என்று அறிவித்தது. இருதரப்பிலும் நியாயம் உண்டு. ஒன்றும் கற்காமலே பிள்ளையை மேலே தள்ளிக்கொண்டு போவது கருணையாகாது. எனினும், நிறுத்திவைப்பதில் ஒரு முறைகேடு உள்ளதை மறுக்கவியலாது. ஐந்தாண்டுகள் கற்பித்தவரின் ஊதியத்தில் ஓர் ஆண்டு குறைவதில்லை. மேற்பார்வை செய்தவரின் பதவியில் ஓர் ஆண்டு குறைவதில்லை. பத்து வயதுப் பிள்ளையின் வாழ்நாளில் மட்டும் ஓர் ஆண்டு கழிக்கப்படுகிறது. பலர் கூடிச் செய்த குறைக்குத் தண்டம் செலுத்துவோர் ஒருவரே என்றால், அந்த ஒருவர் கூட்டத்தில் மிகச் சிறியவராகவும் இருந்தால், அதனை நீதி என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

வகுப்பறைக்குள் வேறொன்றும் நிகழ்கிறது. அது நம்மவர்க்குப் பழகிய துன்பமாதலால் விரிக்க வேண்டுவதில்லை. ஆயினும் அளந்து கண்ட செய்தி ஒன்றைக் குறிப்போம். உத்தரப் பிரதேசத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் தாளில் வரைந்த சிக்கல்வழிப் புதிர்களை அவிழ்க்கக் கொடுத்தனர். சாதியைக் குறிப்பிடாதபோது இருதரத்தாரிடையிலும் வேறுபாடு காணப்படவில்லை. எல்லார் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் படித்த பிறகு, தாழ்த்தப்பட்ட சிறுவர்கள் அவிழ்த்த புதிர்கள் கணிசமாகக் குறைந்துபோயின. இந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. புதிரும் அதுவே, சிறுவரும் அவரே; இடையில் வந்தது ஒருவர் வாயிலிருந்து வெளிப்பட்ட ஒரு சொல். அச்சிறுவன் பெற்ற குறைந்த மதிப்பெண்ணில் யாருடைய பங்கு எவ்வளவு என்று எந்த விடைத்தாள் காட்டும்?

அடுத்து, நம் வீடுகள். கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அதன்பின் வேலை தேடி மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்பும் வாழ்க்கை ஆயிரக்கணக்கானோருக்கு ஏற்பட்டது. அத்தகைய தந்தை வீடு சேரும்போது பிள்ளை உறங்கிவிடுகிறது; புறப்படும்போது இன்னும் எழுந்திருப்பதில்லை. அவரை நோக்கி, உம் பிள்ளையின் படிப்பை நீர் கவனிப்பதில்லை என்று சொல்வது எளிது. மொழியின் இடர் இதனோடு சேர்கிறது. வீட்டில் தமிழ், கடையிலும் அலுவலகத்திலும் கன்னடம், புத்தகத்தில் ஆங்கிலம். மும்பையில் கன்னடத்தின் இடத்தில் மராத்தியும் இந்தியும். கணக்கில் தவறிய பிள்ளையிடம் அக்கணக்கைத் தமிழில் சொல்லிப் பார்த்தால், பல வேளைகளில் விடை உடனே வருகிறது. அப்பிள்ளை தவறியது கணக்கில் அன்று, வினாவைப் படிப்பதில்.

இவ்வாறு கூறுவதனால் பெற்றோரை முற்றிலும் விடுவிக்கிறோம் என்று கொள்ளலாகாது. தந்தையர் சிலரின் வருவாயில் புத்தகத்திற்கு முன்னே மதுக்கடைக்குப் பங்கு போகிறது என்பது பஞ்ச சீலம் ஏற்ற குடும்பங்களிலும் மறைக்க முடியாத உண்மை. மாலையில் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒரு மணி நேரம் நிறுத்திவைப்பதற்குப் படிப்பும் வேண்டாம், பணமும் வேண்டாம். இவை அவர்கள் கைக்கு எட்டியவை. எட்டியதைச் செய்யாமை அவர்களுடைய குறையே.

பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும்போது பாபாசாகேப் அம்பேத்கர் அவர்களின் வரலாற்றை எடுத்துக்காட்டுவது நம்மிடம் பெருவழக்கு. அத்துணைத் துன்பத்திலும் அவர் படித்தார், உனக்கென்ன கேடு என்று கேட்கிறோம். அவ்வரலாற்றைச் சற்று நிதானமாகப் படித்தால் அது பிள்ளையை நோக்கிப் பேசுவதைவிடப் பெரியோரை நோக்கிப் பேசுவதே மிகுதி என்பது தெரியவரும். 1907இல் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து அவர் மெட்ரிக்குலேசன் தேறினார். பெற்ற மதிப்பெண்கள் 750க்கு 282. நூற்றுக்கு முப்பத்தெட்டும் நிறையவில்லை! இன்று நம் வீட்டுப் பிள்ளை இம்மதிப்பெண்ணோடு வந்தால் நாம் என்ன சொல்வோம் என்பதை அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்க. அவர் சமற்கிருதம் கற்க விரும்பியும், தீண்டாமையின் பேரால் அதற்கு இடமில்லை என்று மறுக்கப்பட்டுப் பாரசீகம் படிக்க வேண்டியவரானார். அவ்விடைத்தாள் அவர் ஒருவருடைய விடைத்தாள் மட்டுமன்று.

அம்மதிப்பெண் பெற்ற இளைஞர் அங்கேயே நின்றுவிடாமற் போனதற்குக் காரணமானவர் யாவர்? தந்தையார் இராம்சி சக்பால், பரேல் பகுதியின் ஒற்றை அறையில், மகன் முன்னிரவில் உறங்கத் தாம் விழித்திருந்து, இரண்டு மணிக்கு அவரை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டுத் தாம் படுத்தார். புத்தகம் வாங்கப் பணமில்லாதபோது, மணமாகிச் சென்ற மகளின் நகையை வாங்கி அடகு வைத்தார். கிருட்டிணராவ் அர்ச்சுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர், சர்னி ரோடு பூங்காவில் நாள்தோறும் தனியே அமர்ந்து படிக்கும் சிறுவரைக் கண்டு தாமே சென்று பேசினார். அவர் வேறு பள்ளியின் ஆசிரியர். இப்பிள்ளைக்காக அவரை எவரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. தேர்வில் தேறியபோது, போலே அவர்களின் தலைமையில் நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தவரும் அவரே. பின்னர்ப் பரோடா மன்னரிடம் எடுத்துரைத்து, திங்களுக்கு 25 ரூபாய் உதவித்தொகைக்கு வழி செய்தவரும் அவரே. தந்தை, ஆசிரியர், அரசர் என்னும் மூவரும் தத்தம் தோளுக்கு இயன்றதைத் தாங்கினர். மதிப்பெண் குறைவு என்று எவரும் கைவிடவில்லை. பாபாசாகேபின் உழைப்பும் அறிவும் ஒப்பற்றவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பூங்காவில் படித்த சிறுவரை மட்டும் நினைவூட்டி, பூங்காவிற்கு வந்த ஆசிரியரை மறைத்துவிட்டு நம் பிள்ளைகளை ஏசுவது முறையாகாது.

பிள்ளைக்கு ஒரு பொறுப்பும் இல்லையா? உண்டு. சிகாலகனுக்குப் பகவன் உரைத்த அறவுரையில், ஆசிரியரிடம் மாணவர் ஒழுகவேண்டிய ஐந்து முறைகள் கூறப்பட்டுள்ளன. ஆர்வத்தோடு கேட்டலும் கருத்தூன்றிக் கற்றலும் அவற்றுள் உள்ளன. ஆனால் அவ்வறவுரை அத்தோடு நிற்கவில்லை. ஆசிரியர் மாணவருக்கு ஆற்றவேண்டிய ஐந்தும் உடனே கூறப்படுகின்றன. நன்கு பற்றிக்கொள்ளும்படி கற்பித்தல் அவ்வைந்தில் ஒன்று. கற்பித்தல் மட்டும் போதும் என்று அங்கே சொல்லப்படவில்லை. பற்றிக்கொள்ளும்படி என்று சொல்லப்படுகிறது. பிள்ளையின் பங்கு வயதோடு வளர்வது. மூன்றாம் வகுப்பில் அது கைப்பிடி அளவு; பத்தாம் வகுப்பில் அதனைவிடப் பெரிது. பதினாறு வயது மாணவர் ஆசிரியரும் புத்தகமும் நேரமும் வாய்த்திருந்தும் வீணே பொழுது போக்கினால், அவரிடம் கண்டிப்பாகப் பேசுவதில் தவறில்லை. அதற்கு முன், அம்மூன்றும் அவருக்கு வாய்த்திருந்தனவா என்று பேசுபவர் அறிந்திருத்தல் வேண்டும்.

இறுதியாக நம் சங்கங்களைப் பற்றி ஒன்று கூறவேண்டும். இதனைச் சொல்லாமல் ஆசிரியரையும் பெற்றோரையும் அரசையும் பற்றி மட்டும் எழுதிவிட்டால், நாமும் விரல் நீட்டுவோர் வரிசையில் நின்றவர்களாவோம். முதன்மை மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்கு மேடையில் பொன்னாடையும் புத்தகமும் கொடுக்கிறோம். நல்ல செயலே. தவறிய பிள்ளைகளின் பெயர்கள் எந்தச் சங்கத்திலேனும் எழுதி வைக்கப்பட்டுள்ளனவா? அவர்கள் எத்தனை பேர், எப்பாடத்தில் நின்றனர், பள்ளியை விட்டு எவ்வேலைக்குச் சென்றனர் என்பதைச் செயலாளர்களுள் எத்தனை பேர் அறிவர்? சீவகரின் விருந்துக்குக் கணக்குக் கொடுத்த மகாபந்தகரைப் போல நாமும் அவர்களை விட்டுவிட்டே கணக்குக் கொடுக்கிறோம்.

விகாரைகளும் சங்கக் கட்டடங்களும் ஞாயிறு தவிர மற்ற நாள்களின் மாலையில் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கின்றன. மும்பையில் பாலசகியராகப் பணியாற்றியோர் பேராசிரியர்களல்லர். பள்ளி இறுதி முடித்த நம் தங்கையரைப் போன்றவர்களே. ஓர் அறை, ஒரு கரும்பலகை, பதினைந்து பிள்ளைகள், இரண்டு மணி நேரம் என்பதற்குப் பெருநிதி தேவைப்படாது. கற்பிப்பவருக்குச் சிறு தொகையேனும் கொடுத்தல் வேண்டும். தொண்டு என்ற பேரால் ஏழைப் பெண்ணின் நேரத்தை இலவசமாகப் பெறுவது நமக்கு உடன்பாடன்று. முதல் வாரத்தில் பாடப்புத்தகத்தைத் திறவாமல், ஒவ்வொரு பிள்ளையும் எதுவரை படிக்கவல்லது என்று மட்டும் கேட்டறிந்து ஏட்டில் குறித்துக்கொள்ளலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்பு வரியில் தடுமாறினால் அங்கிருந்தே தொடங்கலாம். அதனை மற்றவர் காதில் விழாதபடி செய்தல் வேண்டும்.

பத்தாம் வகுப்பில் தவறியவர் அதே ஆண்டில் மீண்டும் தேர்வெழுத இன்று வழியுண்டு. அதற்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் தெரியாமலே பலர் ஓராண்டை இழக்கின்றனர். முடிவு வெளிவந்த மறுநாளே அந்நாளைப் பள்ளியில் கேட்டறிந்து, சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பதோடு, தவறிய பிள்ளைகளின் வீடுகளுக்கும் நேரில் சென்று சொல்ல இருவர் வேண்டும். விருப்பமுள்ள அன்பர்கள் தத்தம் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.